ஏகாம்பரத்தின் கீழ்த்தாடை

பேர் இல்லாமல் உள்ளே அனுப்ப முடியாது என்று ஸ்கேன் சென்டர் கவுன்டரில் இருந்த பெண் சொன்னபோதே ஏகாம்பரத்தின் நாக்கு அந்தக் குழிக்குப் போய்விட்டது. கீழ்வரிசை, இடது பக்கம், எட்டு மாதத்துக்கு முன்னால் பிடுங்கிய கடைவாய்ப் பல்லின் இடம். ஈறு ஆறி வழவழவென்று ஆகிவிட்டது, அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் நாக்குக்கு வேறு பிழைப்பு இல்லை. நல்லதோ கெட்டதோ எது வந்தாலும் முதலில் அங்கே ஒரு நடை போய்வந்துவிட்டுத்தான் மறுவேலை பார்க்கும். "பேஷண்ட் இல்லைங்க, இது எலும்பு. உங்க டாக்டர்கிட்ட பேசியாச்சு, பதினோரு மணிக்கு வரச் சொன்னாரு" என்றாள் கூட வந்திருந்த ஜெசிந்தா. "எலும்பா இருந்தாலும் பேரு, வயசு, ஆணா பொண்ணா, இந்த மூணும் போட்டாத்தான் மேடம் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போவும்" என்றாள் கவுன்டர் பெண். ஜெசிந்தா ஒரு கணம் யோசித்தாள். பிறகு ஏகாம்பரத்தைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, "ஏகாம்பரம்னு போடுங்க" என்றாள். வயசு நாலரைக் கோடி என்றால் மூன்று எண்ணுக்கு மேல் எடுக்காது என்று பதில் வந்தது. "சார், உங்க வயசு என்ன?" "எழுபத்திரெண்டும்மா." "அதையே போடுங்க. ஆண்னே போடுங்க, யாரு போய் பாத்தா." கவுன்டர் பெண் தட்டினாள், இயந்திரம் ஒரு சீட்டைத் துப்பியது. ஏகாம்பரம், 72, ஆண், கீழ்த்தாடை. தன் பெயரை வேறொருத்தனுக்காக அச்சடித்துக் கையில் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருந்தது அவருக்கு, ஆனால் அதுவும் புதிது இல்லை, முப்பத்தைந்து வருஷமாக இருக்கிற விஷயம்தான்.

வேறொருத்தன் என்பது அவர் மடியில் இருந்த அட்டைப்பெட்டிக்குள் பஞ்சுக்கு நடுவே கிடந்தான். மிக்ஸி வந்த பெட்டி. ஜம்மு மலையடிவாரத்துச் சிவப்பு மண்ணிலிருந்து எடுத்த ஒரு பாதித் தாடை, ஐந்து பல், ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் குறைவு. காண்டாமிருகத்துக்கு நேர் பாட்டன் என்று சொல்ல முடியாது, பங்காளி வழி. ஆட்டுக்கும் கன்றுக்குட்டிக்கும் நடுவாந்திர உடம்பு, மெலிந்த கால், ஓடக்கூடிய பிராணி, மூக்கில் கொம்பு கிடையாது. பின்னால் வரப்போகிற சொந்தக்காரர்கள் கொம்பும் தடித்த தோலுமாகச் சேற்றில் புரளப்போவது அதற்குத் தெரியாது, பாவம், இலையைக் கடித்துக்கொண்டு திரிந்திருக்கிறது. ஹைராக்கியஸ் ஏகாம்பரமி. ஹைராக்கியஸ் அந்தக் குடும்பத்தின் பெயர், உலகத்துக்கே பொது. ஏகாம்பரமி என்பது மட்டும் ஏகாம்பரம், புதைபடிவ நிலையத்தில் எலும்பு சுத்தம் செய்கிறவராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், காஞ்சிபுரத்து நெசவுக்காரத் தெருவில் பிறந்தவர், சர்க்கரை உண்டு, கொழுப்பு கொஞ்சம் உண்டு. இரும்பு நாற்காலி சில்லென்று இருந்தது. சுவரில் டிவி சத்தமில்லாமல் யாரோ வாழைப்பூ ஆய்வதைக் காட்டிக்கொண்டிருந்தது. விபத்துக் கேஸ் ஒன்று வந்துவிட்டது, அரைமணி ஆகும் என்றார்கள். அரைமணி. அந்த மிஷின் ஒரு பொருளை வாழைப்பூவைப் போல மடல் மடலாகப் பிரித்துக் காட்டுமாம், உள்ளே எது எலும்பு எது எலும்பு இல்லை என்று தனித்தனியாகத் தெரிந்துவிடுமாம். ஜெசிந்தா போனில் இதைச் சொன்னபோது அவர் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். "உங்க பேரு வச்ச எலும்பு சார், நீங்களே வந்து தூக்கிட்டு வாங்க, வேற யாரும் தொட்டா எனக்குப் பயம்" என்றாள். தூத்துக்குடிப் பெண், நிலையத்தில் இப்போது ஆராய்ச்சி செய்கிறவள், கெட்டிக்காரி, இருபத்தெட்டு வயசு. வரமாட்டேன் என்று சொல்ல ஒரு காரணம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் சொல்லியிருப்பாரா என்பது வேறு.

அந்தத் தாடையின் மூன்றாவது பல். அவர் செய்த பல். இதை மனதுக்குள் இவ்வளவு வெட்டவெளிச்சமாகச் சொல்லிக்கொள்ளவே அவருக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று. முதலில் 'அந்த இடம்' என்றுதான் நினைத்துக்கொள்வார், பிறகு 'அந்த வேலை', இப்போதுதான் 'அந்தப் பல்'. எலும்பு வேலைக்கு வருமுன் ஒன்பது வருஷம் பல் கட்டும் கூடத்தில் இருந்தவர் அவர். டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் மெழுகில் செதுக்கிப் பல்செட் செய்வார். அந்தத் தொழிலில் ஒரே ஒரு தர்மம்தான்: கட்டின பல் எது, முளைத்த பல் எது என்று பெண்டாட்டிக்குக்கூடத் தெரியக் கூடாது. பக்கத்துப் பல்லில் வெற்றிலைக் கறை இருந்தால் கட்டின பல்லிலும் கறை இருக்க வேண்டும், தேய்ந்திருந்தால் தேய்ந்திருக்க வேண்டும். புதைபடிவ நிலையத்துக்கு வந்த முதல் நாளே அங்கே ஆராய்ச்சியாளராக இருந்த டாக்டர் கோதண்டம் இதற்கு நேர் எதிரான தர்மத்தைச் சொல்லிக்கொடுத்தார். உடைந்த இடத்தைப் பிளாஸ்டரால் அடைக்கலாம், ஆனால் அடைத்தது அடைத்ததென்று பத்தடி தூரத்தில் தெரிய வேண்டும், வெளிர் நிறத்தில் விட்டுவிடு, அழகு பண்ணாதே. சரி சார் என்றார் ஏகாம்பரம். ஏழு வருஷம் வெளிர் நிறத்தில்தான் விட்டார். மூளைக்கு ஏறியது விரலுக்கு ஏறவில்லை போல. இல்லை, விரல்மேல் பழி போடுவது சுலபம், விரலுக்கு வாய் இல்லை.

"இன்னா சார் பொட்டில? குத்துவிளக்கா?" பக்கத்து நாற்காலியில் கழுத்துக்குப் பட்டை போட்டிருந்த ஒரு ஆள் கேட்டார். தலையைத் திருப்ப முடியாததால் உடம்போடு திரும்பிக் கேட்டார். "தாடை" என்றார் ஏகாம்பரம். "யாரோடது?" "ஒரு மிருகம். காண்டாமிருகத்துக்குச் சொந்தம்." "உயிரோட கீதா?" "இல்லீங்க, அது செத்து ரொம்ப நாளாவுது." அந்த ஆள் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். "செத்தப்புறம் எதுக்கு சார் ஸ்கேனு? எதுல செத்துச்சுன்னு பாக்கறதுக்கா?" நியாயமான கேள்விதான். எதில் செத்தது என்று யாரும் கேட்டதில்லை. யாருடைய சாதி, யாருக்குப் பங்காளி, எத்தனை பல், பல்லில் எத்தனை வரப்பு, இதைத்தான் கேட்டார்கள். "இல்லீங்க, யாருன்னு பாக்கறதுக்கு" என்றார். "அதான் சீட்டுல பேரு போட்டுட்டாங்களே" என்றார் அந்த ஆள்.

முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை அது. டாக்டர் கோதண்டம் ஆறு மாதப் பயணமாக லண்டனில் இருந்தார். தாடை பாதி கல்லோடு கல்லாகப் புதைந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டுப் போனவர், வருவதற்குள் சுத்தம் பண்ணி வை என்று சொல்லியிருந்தார். நாலு மாதம் ஊசியால் மண்ணைக் குத்திக் குத்தி எடுத்ததில் நாலு பல்லும் ஒரு பொக்கையும் வெளியே வந்தன. திங்கட்கிழமை டெல்லியிலிருந்து பெரிய மனிதர்கள் பார்வையிட வருகிறார்கள், கண்ணாடி அலமாரியில் பொக்கையோடு வைத்தால் நன்றாக இராது, ஏதாவது செய்யுங்கள் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். ஏதாவது. வெள்ளைப் பிளாஸ்டரை அப்பியிருந்தால் ஏதாவது செய்ததாக ஆகியிருக்கும். கட்டடத்தில் வேறு யாரும் இல்லை. ஜன்னல் வழியாகப் புளியமரத்து வெயில் மேஜைமேல் விழுந்தது. பழைய கூடத்திலிருந்து கொண்டுவந்த பல் கம்பிச் சுருள் மேஜை அறையில் ஏழு வருஷமாகத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு துண்டு வெட்டிக் குழியில் நட்டார், அதன்மேல் பிளாஸ்டரால் பல்லை எழுப்பினார். முன்னால் இருந்த பல்லையும் பின்னால் இருந்த பல்லையும் பார்த்து நடுவில் உள்ளது எப்படி இருக்கும் என்று கை தானே யோசித்தது, இரண்டு குறுக்கு வரப்பு, ஒரு சரிவு. செதுக்கும்போது அவர் நாக்கு வாய்க்குள் எங்கே இருந்தது? அங்கேதான். அவருடைய இடது கடைவாய்ப் பல்லின் உள்பக்கம் பிறவியிலேயே மிளகளவு ஒரு புடைப்பு உண்டு. சின்ன வயசிலிருந்தே கணக்குப் போடும்போதும் பூ வாங்கும்போதும் நாக்கு அதைத் தடவிக்கொண்டுதான் இருக்கும். நாக்கு தடவியதைக் கை செதுக்கிவிட்டது. செதுக்கின பிறகு பார்த்தார், மிளகளவு ஒரு புடைப்பு, உள்பக்கம். எடுத்துவிடலாமா என்று தோன்றியது. அழகாக இருந்தது, விட்டுவிட்டார். அப்புறம் தேயிலைச் சாறு, அந்தத் தாடையிலிருந்து உதிர்ந்த மண்ணையே அரைத்த பொடி, மேலே ஒரு பூச்சுப் பசை. மாலை ஐந்து மணிக்குத் தள்ளி நின்று பார்த்தபோது எது தன் பல் என்று அவருக்கே ஒரு கணம் தெரியவில்லை. வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை, கல்யாணத்தன்றைக்குக்கூட. வீட்டுக்குப் போகிற வழியில் மனைவி மனோரஞ்சிதத்துக்கு அல்வா வாங்கிக்கொண்டு போனார், என்ன விசேஷம் என்று அவள் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

சொல்லியிருக்கக்கூடிய நாள் எது? இதுதான் முப்பத்தைந்து வருஷமாக அவர் போட்டுப் பார்க்கிற கணக்கு, விடை ஒவ்வொரு தரமும் வேறாக வரும். கோதண்டம் லண்டனிலிருந்து வந்த அன்றைக்கு. சூட்கோட்டைக்கூடக் கழற்றாமல் மேஜைக்கு வந்து தாடையைக் கையில் எடுத்தார். "மண்ணுக்குள்ள இவ்வளவு இருந்துச்சா ஏகாம்பரம்?" என்றார். "க்ளீன் பண்ணேன் சார்" என்றார் இவர். அது பொய் இல்லை. கோதண்டம் பூதக்கண்ணாடியை மூன்றாவது பல்லுக்குக் கொண்டுபோனார், மூச்சை நிறுத்தினார். "இங்க பாருய்யா, இந்தப் புடைப்பு. எந்த ஹைராக்கியஸுக்கும் இது கிடையாது." ஏகாம்பரம் வாயைத் திறந்தார். அந்த நேரம் பார்த்துக் கோதண்டம் அவர் தோளில் கையைப் போட்டார். அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, அந்த மனிதர் யார் தோளிலும் கையைப் போட்டு ஒருவரும் பார்த்ததில்லை. திறந்த வாய் மூடிக்கொண்டது. சரி, அன்றைக்கு முடியாது, மறுநாள் சொல்லியிருக்கலாம். மறுநாள் அவர் அளவெடுத்துக்கொண்டிருந்தார். அளவெடுத்து முடியட்டும். படம் வரைந்துகொண்டிருந்தார், வரைந்து முடியட்டும். கட்டுரை அனுப்பட்டும், அங்கே எவனாவது கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பிவிடுவான். எவனும் கண்டுபிடிக்கவில்லை, அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார். ஒரு நாள் கோதண்டம் அச்சான தாளைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்து ஓரிடத்தில் விரலை வைத்தார். "எல்லாரும் மேலதிகாரி பேர வப்பாங்க. நான் உன் பேர வச்சிருக்கேன். நாலு மாசம் குத்துனவன் நீ." அன்றைக்கு ஏகாம்பரம் அழுதார். நன்றியில் அழுகிறார் என்று கோதண்டம் நினைத்தார், அதுவும் பொய் இல்லை. அதற்கப்புறம் சொல்லக்கூடிய நாள் என்று ஒன்று வரவே இல்லை. மகள் பள்ளிக்கூடத்தில் எங்கப்பா பேரில் ஒரு மிருகம் இருக்கு என்று சொல்லி, யாரும் நம்பாமல், அவர் போய் அந்தத் தாளைக் காட்டிவிட்டு வந்தார். மனோரஞ்சிதம் கோபம் வந்தால் காண்டாமிருகமே என்பாள். அவருடைய பென்ஷன் காகிதத்தில் ஒரு எழுத்துப் பிழை, ரேஷன் கார்டில் வேறொரு பிழை. பிழையில்லாமல் அவர் பெயர் இருக்கிற இடம் அந்தக் கட்டுரை ஒன்றுதான். கோதண்டம் போய் ஆறு வருஷம் ஆகிறது. சுடுகாட்டில் கொள்ளி வைக்கும்போது ஏகாம்பரம் தள்ளி நின்று, சார், அந்த மூணாவது பல்லு, என்று மனதுக்குள் ஆரம்பித்தார். மேலே போகவில்லை.

ஜெசிந்தா பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தாள். "சார், பல்லோட வேர் மட்டும் தெரிஞ்சாப் போதும் எனக்கு. இந்த மூணாவது பல்லு இருக்குல்ல, மொத்த வித்தியாசமும் அதுலதான். அது இல்லன்னா ஏகாம்பரமியும் சும்மா சாதா ஹைராக்கியஸ்தான். வேர் எப்படிப் பிரியுதுன்னு காட்டிட்டா, தனி இனம் இல்லன்னு எவனும் வாயத் தொறக்க முடியாது." ஏகாம்பரம் தலையை ஆட்டினார். வேர். வேர் என்று அங்கே இருப்பது ஒண்ணரை அங்குலக் கம்பி. "உங்களுக்குப் பெருமையா இல்லையா சார்?" என்று அவள் கேட்டாள். "இருக்கும்மா" என்றார். இருந்தது, அதுதான் சங்கடம். அவருக்குப் பெருமை அந்தப் பல்லில்தான். அப்போது நர்ஸ் ஒருத்தி படிவத்தோடு வந்தாள். "ஏகாம்பரத்துக்கு நகை, உடம்புல கம்பி, க்ளிப்பு, கட்டின பல்லு ஏதாச்சும் இருக்கா? இருந்தா இப்பவே சொல்லிடுங்க, படத்துல அடிக்கும்." ஜெசிந்தா சிரித்தே விட்டாள். "இல்ல சிஸ்டர், ஒண்ணும் இல்ல." நர்ஸ் ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு கோடு போட்டாள். இல்லை, இல்லை, இல்லை, இல்லை. ஏகாம்பரத்தின் வாய்க்குள் நாக்கு வழுக்கிக்கொண்டு போனது, புடைப்பைத் தேடியது, ஈறுதான் இருந்தது. பிடுங்கின இளம் டாக்டர், "பெரியவரே, இதுல ஒரு முனை அதிகமா இருக்கு, கொடுத்து வச்சவரு நீங்க" என்று சொல்லிக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தான். பஸ்ஸில் வரும்போது சட்டைப்பையிலிருந்து எங்கேயோ விழுந்துவிட்டது.

இன்னும் பத்து நிமிஷம் என்றார்கள். தெரிய வேண்டியது தெரியத்தான் போகிறது, அதை நிறுத்த முடியாது. மிஷின் தோளில் கையைப் போட்டு யாரும் அதன் வாயை மூட முடியாது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. யார் செய்தது என்று கேட்பார்கள். கேட்டால் கோதண்டம் சார்தான் வைக்கச் சொன்னார் என்று சொல்லலாம். ஒரே ஒரு வாக்கியம். மறுக்க அவர் வரமாட்டார். நான் வேலைக்காரன், சொன்னதைச் செய்தேன், எதை எழுதினார் என்று எனக்கென்ன தெரியும், இங்கிலீஷ் கட்டுரை. ஜெசிந்தா நம்புவாள், எல்லோரும் நம்புவார்கள், பெரிய மனிதர்கள்மேல் எதையும் நம்ப ஜனங்கள் தயார். பெயர் எப்படியும் போகப்போகிறது, போகிற பெயர் அழுக்கில்லாமல் போகட்டுமே. இந்த யோசனை வந்ததும் அவருக்குப் பயம் குறைந்தது, அது குறைந்த விதம் அவருக்குப் பிடிக்கவில்லை. தோளில் அந்தக் கை இருந்த இடம் எது, இடதா வலதா, நினைவு வரவில்லை. பெட்டியை இன்னும் கொஞ்சம் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். டிவியில் வாழைப்பூ வடை ஆகிவிட்டிருந்தது.

"ஏகாம்பரம்" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும் அவர் எழுந்தார், பெட்டியும் எழுந்தது. உள்ளே குளிர் இன்னும் அதிகம். நோயாளி படுக்கிற பலகைமேல் தாடையைப் பஞ்சோடு வைத்து, உருளாமல் இருக்க இரண்டு பக்கமும் தன் கைக்குட்டையைச் சுருட்டி முட்டுக்கொடுத்தார். பலகை வளையத்துக்குள் போயிற்று. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஜெசிந்தா நின்றாள், அவள் பின்னால் அவர். திரையில் முதலில் ஒன்றும் புரியவில்லை, பிறகு ஒன்று, இரண்டு என்று பல்வரிசை சாம்பல் நிறத்தில் எழுந்து வந்தது. எல்லாவற்றுக்கும் கீழே வேர் இரண்டிரண்டாகப் போயிற்று. மூன்றாவது மட்டும் வேறு நிறம். நடுவில் ஒரு வெள்ளைக் கோடு, கண்ணைக் கூச அடித்தது. மிஷினை ஓட்டுகிற ஆள், நடுத்தர வயசுக்காரர், தினமும் மனுஷர்கள் வாயைப் பார்க்கிறவர், திரையின் அருகே குனிந்தார். "கட்டின பல்லு இல்லன்னு எழுதியிருக்கீங்களே மேடம், இது கட்டினதுதான். கம்பி வச்சு நிறுத்தியிருக்காங்க. பக்கத்துப் பல்லுல ஒரு நூல்கூட இடிக்கல பாருங்க, சரியா உக்காந்திருக்கு. இப்ப எவனும் இப்படிக் கட்டறதில்ல. யாரு சார் கட்டினது?"

முப்பத்தைந்து வருஷத்தில் அந்தப் பல்லை ஒருவர்கூடப் பாராட்டியதில்லை. அதன் புடைப்பைப் பாராட்டினார்கள், அந்த மிருகத்தைப் பாராட்டினார்கள், அதைக் கண்டுபிடித்தவரைப் பாராட்டினார்கள். வேலையை ஒருவரும் பாராட்டவில்லை, வேலை இருப்பதே யாருக்கும் தெரியாதே. கோதண்டம் சார் சொன்னார் என்கிற வாக்கியம் நாக்கின்மேல் தயாராகத்தான் இருந்தது. "நான்தான்" என்றார் ஏகாம்பரம். குரல் சாதாரணமாக வந்தது, பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டும்போது உள்ளேயிருந்து யாரது என்றால் சொல்கிற மாதிரி. "நான்தாம்மா கட்டினேன். டாக்டருக்குத் தெரியாது. அவரு ஊர்ல இல்ல அப்ப." ஜெசிந்தா திரும்பவில்லை. மிஷினின் இரைச்சல் நின்று பலகை வெளியே வந்தது. "வேற எதுலயாவது சார்? வேற எலும்பு?" என்றாள் கடைசியில். "இல்லம்மா. இது ஒண்ணுதான்." "அந்தப் புடைப்ப எதப் பாத்துச் செஞ்சீங்க?" ஏகாம்பரம் வாயைத் திறந்து, இடது கன்னத்தை விரலால் இழுத்துக் காட்டினார். அவள் குனிந்து பார்த்தாள். அங்கே வெறும் ஈறுதான் இருந்தது. "இங்க இருந்துச்சும்மா" என்றார், விரலை எடுக்காமலே. அவள் நிமிர்ந்து நோட்டை மூடினாள். அவளுக்குக் கோபம்தான், கண்ணில் தெரிந்தது, அதற்கு மேல் அதை எங்கே வைப்பதென்று அவளுக்குத் தெரியவில்லை. "எழுதித்தான் ஆகணும் சார். அந்தப் பேரு போயிரும்." "தெரியும்மா. எழுது." அவர் தாடையைப் பஞ்சில் சுற்றினார். நாலரைக் கோடி வருஷம் பேரில்லாமல் இருந்தது, இடையில் கொஞ்ச நாள் ஏகாம்பரமாக இருந்துவிட்டு, இனி நாலோடு ஐந்தாக எல்லா ஹைராக்கியஸையும் போலத் தன் அலமாரிக்குப் போகும். அதற்கு இதில் லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை.

ஜெசிந்தா போன் பேச மாடிப்படிப் பக்கம் போனாள். கழுத்துப் பட்டைக்காரர் உடம்போடு திரும்பி, "யாருன்னு தெரிஞ்சுதா?" என்றார். "தெரிஞ்சுது" என்றார் இவர். கவுன்டரிலிருந்து, "ஏகாம்பரம் கூட வந்தவங்க யாரு?" என்று குரல் கேட்டது. போனார். பெரிய பழுப்பு உறை, மேலே ஒட்டின சீட்டில் பெயர், வயசு, ஆண், கீழ்த்தாடை. பெற்றுக்கொண்டவர் என்ற கட்டத்தில் பெயர் எழுதச் சொல்லிப் பதிவேட்டைத் திருப்பினாள். ஏகாம்பரம் பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிதானமாக எழுதினார். ஏகாம்பரம். அவள் எட்டிப் பார்த்தாள். "ஐயோ சார், பேஷண்ட் பேரு இல்ல. உங்க பேரு எழுதுங்க."

"என் பேருதாம்மா இது" என்றார்.